பூவைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள்: பினாங்கில் காட்டு ஆர்க்கிட் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பினாங்கில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து புல் காயும். ஏப்ரல், மே வாக்கில் ஒரு சுற்று மழை. ஆகஸ்டு கடைசியில் தொடங்கி நவம்பர் வரை பெரிய மழை. மற்றபடி வருஷம் முழுக்க அதே வெயில், அதே வியர்வை. குளிர்நாட்டுக்காரர்கள் ஜூன் மாதம் இந்தப் பூ, ஜூலையில் அந்தப் பூ என்று கையில் பட்டியலோடு காட்டுப்பூ பார்க்கக் கிளம்புவார்கள். நம் ஊரில் அந்தப் பட்டியல் எடுபடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடிமலை ஜீப் பாதையில் மூச்சு வாங்க ஏறி இறங்கிவிட்டு, "என்ன காடு இது, ஒரு பூவைக் காணோம், எல்லாம் பச்சையா இருக்கு" என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பூ இல்லாமல் இல்லை. தீபகற்ப மலேசியாவில் காட்டு ஆர்க்கிட் மட்டுமே எண்ணூறு இனங்களுக்கு மேல் உண்டு. உலகம் முழுவதும் சேர்த்தால் சுமார் 28,000. பூக்கும் தாவரக் குடும்பங்களில் இதோடு போட்டி போடக்கூடியது சூரியகாந்திக் குடும்பம் ஒன்றுதான். சிக்கல் எங்கே என்றால், இவற்றில் பல, வருஷத்தில் சில நாள்தான் பூக்கும். அந்தப் பூவும் சிலவற்றில் ஒரே பகல்தான் தாங்கும். நாம் நடக்கப் போகும் ஞாயிறும் அது பூக்கும் நாளும் தற்செயலாகப் பொருந்தினால்தான் உண்டு. செடி அப்படியல்ல. வருஷம் முழுக்க அதே கிளையில்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே பூவை மறந்துவிட்டு முதலில் செடியைத் தேடப் பழகுங்கள். எந்த மரத்தில் எது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பூக்கும் நாளை மழை சொல்லிவிடும்.

முதல் பாடம் மலர்க்கடையில்

காட்டுக்குப் போகும் முன் லிட்டில் இந்தியாவுக்குப் போங்கள். லெபோ பாசார் பக்கம் ஏதாவது ஒரு மலர்க்கடையில் மாலை கட்ட வைத்திருக்கும் ஊதா ஆர்க்கிட்டில் ஒரு காம்பு வாங்கிக்கொள்ளுங்கள். அது டென்ட்ரோபியம் வகையில் மனிதர்கள் கலந்து உண்டாக்கிய கலப்பினம். எந்தக் காட்டிலும் தானாக வளர்ந்ததல்ல. இருந்தாலும் உறுப்புகள் காட்டு ஆர்க்கிட்டுக்கு உள்ளவையேதான். அறுத்துப் பார்க்க இதைவிட மலிவான பாடப்புத்தகம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பூவைக் கிள்ளி மேசையில் வையுங்கள். பின்பக்கமாகத் திருப்பினால் மூன்று இதழ்கள் வெளிவட்டமாக இருக்கும். மொட்டாக இருந்தபோது பூவை மூடியிருந்தவை இவைதான், புல்லிதழ்கள். அவற்றுக்கு உள்ளே இன்னும் மூன்று. அந்த மூன்றில் இரண்டு ஒன்றுக்கொன்று ஜோடி. மூன்றாவது மட்டும் உருவத்திலும் நிறத்திலும் தனி. அதற்குப் பெயர் உதடு. பூச்சி வந்து இறங்கும் மேடை அது. மூன்று வெளியே, இரண்டு உள்ளே, ஓர் உதடு: இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, இப்போது பூவின் நடுவே பாருங்கள். மற்ற பூக்களில் மெல்லிய நூல்களாக மகரந்தக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒரு நூலும் இல்லை. அதற்குப் பதில் குட்டையாக, தடித்த ஒரு தூண். ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒன்றாகச் சேர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. தூணின் நுனியில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும். பல்குச்சியைத் தூணில் உதட்டைப் பார்த்த பக்கத்துக் குழியில் ஒருமுறை தொட்டு எடுங்கள், பிசுபிசுப்பு ஒட்டும். அதே நுனியால் தொப்பியைக் கீழிருந்து மேலாக மெதுவாக நெம்புங்கள். தொப்பி கழன்று விழ, மஞ்சளாகச் சின்னஞ்சிறு கட்டிகள் குச்சியோடு வந்துவிடும். அதுதான் மகரந்தம். தூளாக இல்லை, கட்டியாக இருக்கிறது. பூவுக்குள் நுழைந்த தேனீ பின்வாங்கும்போது அதன் முதுகிலும் நடப்பது இதேதான்: முதலில் பசை, அப்புறம் கட்டி. அடுத்த பூவுக்குப் போகும்போது அந்தக் கட்டி அங்குள்ள குழியில் ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவர் பிறகு ஏமாற மாட்டார். மந்தாரைப் பூவைப் பார்த்து ஆர்க்கிட் என்று படம் எடுத்து அனுப்புபவர்கள் உண்டு. அதில் மகரந்தக் கம்பிகள் தனித்தனியாக வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும், அது போதும். பாதையோரம் எங்கும் ஊதாவாகப் பூத்திருக்கும் செண்டுடுக்கும் அப்படியே. இஞ்சிக் குடும்பத்துப் பூக்கள்தான் கொஞ்சம் குழப்பும், ஏனென்றால் அவற்றிலும் உதடு போல ஓர் உறுப்பு உண்டு. அங்கே மகரந்தம் தூளாக விரலில் ஒட்டும். அசாம் லக்சாவில் நறுக்கிப் போடும் புங்கா கந்தான்கூட இஞ்சிக் குடும்பம்தான், ஆர்க்கிட் இல்லை. ஐஸ்கிரீமில் போடும் வனிலா ஆர்க்கிட் கொடியின் காய். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

மரத்தின் மேல் குடியிருப்பவை

வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் வளர்வதில்லை. மரத்தின் மேல் தொற்றி வளர்கின்றன. தாவரவியலில் இவற்றைத் தொற்றுத்தாவரம் என்பார்கள். மரத்தில் எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் புல்லுருவி என்று சொல்லி வெட்டிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாவம், ஆர்க்கிட் அந்தக் குற்றத்தைச் செய்வதில்லை. புல்லுருவி மரத்தின் உடம்புக்குள் வேர் இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டையின் மேல் வேரைப் பற்றிக்கொண்டு நிற்பதோடு சரி. தண்ணீர் மழையிலிருந்து வருகிறது. சத்து, பட்டை இடுக்கில் மக்கிக் கிடக்கும் இலையிலிருந்தும் தூசியிலிருந்தும் வருகிறது. மரத்திடம் அது கேட்பது உட்கார ஓர் இடமும் கொஞ்சம் வெளிச்சமும்தான். காட்டின் தரையில் வெளிச்சம் கிடையாது என்பதால்தான் இத்தனை உயரத்துக்கு ஏறியிருக்கிறது.

மண்ணே இல்லாத வாழ்க்கைக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறது. ஒன்று, வேர். ஆர்க்கிட் வேர் தடிமனாக, வெள்ளி நிறத்தில், பட்டையின் மேல் வளைந்து வளைந்து ஓடும். அந்த வெள்ளை, இறந்துபோன உயிரணுக்களால் ஆன பஞ்சு போன்ற உறை. மழை பட்டதும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கையில் தண்ணீர் போத்தல் இருந்தால், எட்டுகிற உயரத்தில் இருக்கும் ஒரு வேரில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். வெள்ளை மறைந்து பச்சை தெரியும். உறை நனைந்து கண்ணாடியாகிவிட, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. ஆமாம், வேரிலும் பச்சையம் உண்டு. அதுவும் வெயிலில் சமைத்துக்கொள்கிறது.

இன்னொன்று, தண்டின் அடிப்பகுதி. பல ஆர்க்கிட்டுகளில் அது புடைத்துக் கிழங்கு போல இருக்கும். மழையில்லாத வாரங்களுக்கான தண்ணீர்த் தொட்டி அது. ஜனவரி வெயிலில் அது சுருங்கிக் கோடு விழுந்திருப்பதையும், மழைக்குப் பிறகு மறுபடி உப்பியிருப்பதையும் ஒரே செடியில் பார்க்கலாம்.

இவற்றைத் தேட மலை ஏற வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுன் பழைய சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களிலிருந்து தொடங்குங்கள். இந்த மரமே அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வெளியூர்க்காரன். ஆனால் சொரசொரப்பான பட்டையும் அகன்று கிடையாகப் போகும் கிளைகளும் நம் ஊர் ஆர்க்கிட்டுகளுக்கு அவ்வளவு வசதியாகிவிட்டன. வழவழப்பான பட்டை உள்ள மரத்திலும், பட்டையை உரித்து உரித்துப் போடும் மரத்திலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தூங்குமூஞ்சி மரத்துக் கிளையில் கூட்டமே இருக்கும், எல்லாம் ஆர்க்கிட் அல்ல. பெரிய கூடை வடிவில் நீள இலைகளை விரித்திருப்பது பறவைக்கூட்டுப் பெரணி. காசு காசாகத் தடித்த சின்ன இலைகள் கொடியாகக் கிளையைச் சுற்றி ஓடினால் அதுவும் பெரணிதான். அதன் வேறு சில இலைகள் நீண்டு மெலிந்து, விளிம்பில் பழுப்பாக வித்துத்தூள் படிந்திருக்கும். மரத்தின் இலையைப் போலவே அடர்ந்த ஒரு புதர், வெள்ளி வேர் எதுவும் தெரியாமல் கிளையிலிருந்தே கிளம்பினால், அது அசல் புல்லுருவி. இவற்றையெல்லாம் கழித்த பிறகு, வெள்ளி வேரும் புடைத்த தண்டும் நீளவாக்கில் மட்டுமே நரம்போடும் தடித்த இலையும் உள்ள ஒன்று மிஞ்சினால், அதுதான் நீங்கள் தேடி வந்த ஆள்.

என்னோடு நடக்க வரும் தோழி கெடாவில் ஒரு பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவள். இந்த விளக்கம் எதுவும் இல்லாமலே அவளுக்குச் செடி கண்ணில் படும். "எங்க லயத்துக்குப் பின்னாடி கெழட்டுப் பால்மரத்துல இதுதான் தொங்கும், மழை பேஞ்சா வெள்ளையா பூக்கும்" என்பாள். அவள் சொல்வது புறா ஆர்க்கிட். அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்பதாம் நாள்

மலாயில் அங்கேரிக் மெர்பாத்தி. அறிவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமினேட்டம். அடியில் புடைத்த தண்டு, நடுவில் இரண்டு வரிசையாகத் தடித்த இலைகள், நுனியில் இலையே இல்லாமல் குச்சியாக நீண்டு வளைந்த ஒரு பகுதி. பூக்காத நாளில் பார்த்தால் யாரோ காய்ந்த குச்சிகளை மரத்தில் செருகி வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றும். பூக்கள் வருவது அந்தக் குச்சி நுனியில். மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம், தூய வெள்ளை, உதட்டில் மட்டும் மஞ்சள் தடவல், நல்ல வாசனை. பக்கவாட்டில் பார்த்தால் பறக்கும் புறா. பெயர் அதனால் வந்தது.

இதன் வழக்கம் விசித்திரமானது. மொட்டுகள் ஓர் அளவுக்கு வளர்ந்து, அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இருக்காது. ஒரு நாள் மத்தியானம் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது வானம் இருண்டு, காற்றடித்து, பெருமழை கொட்டும். அரைமணி நேரத்தில் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். அந்தத் திடீர்க் குளிர்ச்சிதான் மொட்டை எழுப்பும் மணி. மழைத்தண்ணீர் அல்ல, குளிர்ச்சி, இதைக் கவனியுங்கள். மூன்று நாள் விடாமல் தூறிக்கொண்டே இருந்தால் திடீர் இறக்கம் இருக்காது, மொட்டும் அசையாது. நல்ல வெயிலை வெட்டிக்கொண்டு வரும் மழையாக இருக்க வேண்டும். மணி அடித்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள் விடியலில், அந்த மழை நனைத்த வட்டாரத்தில் உள்ள புறா ஆர்க்கிட் எல்லாம் ஒரே நேரத்தில் மலரும். தெருவோர மரத்தில், கோயில் மதிலோர மரத்தில், தாமான் மூலையில் நிற்கும் மாமரத்தில், எல்லாவற்றிலும். அன்று மாலைக்குள் வாடத் தொடங்கிவிடும்.

ஏன் இந்தக் கூட்டுச் சதி? பூ ஒரு நாள்தான். காய் பிடிக்க இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். இந்த மரத்தில் இருப்பது திங்களும், அடுத்த தெரு மரத்தில் இருப்பது வியாழனும் பூத்தால் தேனீ எதை எங்கே கொண்டுபோகும்? ஒன்றோடொன்று பேச முடியாத செடிகள் நாளைக் குறித்துக்கொள்ள, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் ஓர் அடையாளம் தேவை. நம் ஊரில் பகலின் நீளம் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான், பனி கிடையாது, வசந்தம் கிடையாது. எல்லாச் செடிக்கும் ஒரே நேரத்தில் எட்டும் சங்கதி புயல்மழையின் குளிர்ச்சிதான்.

இதே வித்தையை வேறு டென்ட்ரோபியங்களும் செய்கின்றன, ஆனால் நாள் கணக்கு மாறும்: சில எட்டு நாளில், சில பத்து, பதினொரு நாளில். பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தாலும் ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போய்க் குழப்பமாகாமல் இருக்க இது உதவுகிறது.

தூங்குமூஞ்சி மரத்தில் நீங்கள் பார்க்கக்கூடிய இன்னொன்று பல்போஃபில்லம் வஜைனேட்டம். கிளை மேல் பாய் விரித்தது மாதிரி படர்ந்து, கிழங்குக்கு ஓர் இலை என்று நிற்கும். இதுவும் குளிர்ச்சிக்குப் பின் மொத்தமாகப் பூக்கும். பூ வெளிறிய மஞ்சள், நீண்ட இழை இழையாகக் கொத்தாக வரும். கீழே நின்று பார்ப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைப் பூ என்றே நினைக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை, மழைக்கணக்கு. வெயிலை உடைத்துக்கொண்டு வந்த பெருமழையா, அன்றைய தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் போட்டு, ஒன்பதாம் நாளுக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். மழை உங்கள் வீட்டில் பெய்தால் போதாது, செடி இருக்கும் இடத்தில் பெய்திருக்க வேண்டும். ஆயர் ஈத்தாமில் கொட்டி ஜெலுத்தோங்கில் காய்கிற ஊர் இது. தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரை வெவ்வேறு பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அங்க மழையா?" என்று கேட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு.

மலைப் பக்கம் வந்தால்

கொடிமலை உச்சி 833 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் உச்சியில் ஜார்ஜ்டவுனைவிட ஐந்து டிகிரி குறைவு. இந்த வித்தியாசம் செடிகளை மாற்றிவிடுகிறது. 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றியுள்ள காடு, கடல் பகுதியையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

ரயிலில் ஏறி உச்சியில் நடந்தாலும் சரி, தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் நடந்தாலும் சரி, வெயில் படும் சரிவுகளைப் பாருங்கள். மூங்கில் ஆர்க்கிட் அங்கேதான் நிற்கும். அருண்டினா கிராமினிஃபோலியா. இது மண்ணில் வளரும் வகை. புல் மாதிரி மெல்லிய இலை, ஆள் உயரத்துக்கும் போகும் தண்டு, நுனியில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமான பூ, உதடு மட்டும் அடர் ஊதா. ஒரு பூ போனால் அடுத்தது என்று மாறி மாறிப் பூப்பதால், மழைக்கணக்குப் பார்க்காமலே பெரும்பாலும் கிடைக்கும். பூக்காத நாளில் புல்லோடு புல்லாகக் கலந்து நிற்கும். இன்னொரு மண் ஆர்க்கிட், ஸ்பத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா. தென்னங்குருத்து மாதிரி மடிப்பு மடிப்பான இலை, ஊதாப் பூ. இதை நகராட்சிப் பூச்சட்டிகளிலும் நடுகிறார்கள், ஆகவே சாலையோரத்தில் பார்த்ததும் காட்டுச்செடி என்று துள்ள வேண்டாம்.

தெலுக் பஹாங் தேசியப் பூங்காவின் கடலோரப் பாதையில், தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கும் மரங்களின் கவைகளைக் கவனியுங்கள். வார் வாராக நீண்ட, தடித்த இலைக்கொத்து இருந்தால் சிம்பிடியம் ஃபின்லேசோனியானமாக இருக்கலாம். பூங்கொத்து கீழ்நோக்கி ஒரு மீட்டர் வரை தொங்கும். செபராங் பிறையில் பழைய செம்பனை மரங்களின் மட்டைக் கவைகளிலும் இதே குடும்பத்தார் குடியேறுவதுண்டு. தேசியப் பூங்காவுக்குள் போக நுழைவாயிலில் பதிவு செய்ய வேண்டும்.

மலையில் ஆர்க்கிட் மட்டும்தான் பார்ப்பேன் என்று அடம் பிடிக்காதீர்கள். ஈரப் பாறைகளில் பெகோனியா, ஓடையோரம் காட்டு இஞ்சி, உச்சிப் பக்கம் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி. குடுவை என்பது பூ அல்ல, இலையின் நுனி. அதன் பூ தனியாக, கண்ணில் படாத ஒரு கதிராக இருக்கும்.

செருப்பு ஆர்க்கிட்டைப் பற்றிக் கேட்பீர்கள். பாஃபியோபெடிலம் பார்பேட்டம் என்ற வகை கொடிமலையில் இயற்கையாக உள்ளதுதான். காட்டின் நிழலில், தரையோடு ஒட்டி, திட்டுத் திட்டான இலை. உதடு குழிந்து செருப்பின் முன்பகுதி போல இருக்கும். எங்கே என்று எழுத மாட்டேன். தெரிந்தவர் யாரும் எழுதக் கூடாது. இந்த வகைச் செடிகள் காட்டிலிருந்து திருடப்பட்டே அருகிப்போனவை. உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் எல்லா ஆர்க்கிட்டும் இரண்டாம் பட்டியலிலாவது இருக்கின்றன. செருப்பு ஆர்க்கிட்டுகள் மட்டும் புலி, யானையோடு முதல் பட்டியலில்.

வேடிக்கை என்னவென்றால், 1884-இல் நம் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய சார்லஸ் கர்ட்டிஸ், அதற்கு முன் லண்டன் செல்சியில் இருந்த வீட்ச் என்ற நாற்றுப்பண்ணைக்காகக் காடு காடாகப் போய்ச் செடி சேகரித்தவர். சுமத்ராவில் அவர் கண்டெடுத்த ஒரு செருப்பு ஆர்க்கிட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு இங்கே தங்கி, 1894-இல் பினாங்கில் தானாக வளரும் பூச்செடிகளின் பட்டியலையும் வெளியிட்டார். நீர்வீழ்ச்சிக்குக் கீழே, கல் உடைத்துப் போட்டிருந்த பள்ளத்தாக்கைப் பூங்காவாக்கியவர் அவர்தான். பறித்தவரே பிறகு பதிவு செய்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிடுங்கினால் ஏன் பிழைக்காது

"ஒரு துண்டு எடுத்துட்டுப் போய் வீட்டுல வச்சா என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தைக் காட்டலாம். நிலையான காப்புக் காட்டிலிருந்து அனுமதி இல்லாமல் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். ஆனால் எனக்குச் சட்டத்தைவிடக் காரணம் பிடிக்கும்.

ஆர்க்கிட் காய் ஒன்றில் ஆயிரக்கணக்கில், சிலவற்றில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். காய் வெடித்தால் திருநீறு மாதிரி காற்றில் பறக்கும். அவ்வளவு நுண்ணியதாக இருக்க, விதை தன் சாப்பாட்டு மூட்டையைக் கழற்றி எறிந்துவிட்டது. நெல்லிலும் அவரையிலும் முளைக்குத் தேவையான மாவு உள்ளேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் எதுவும் இல்லை. விழுந்த இடத்தில் அதற்கேற்ற பூஞ்சை இருந்தால்தான் பிழைக்கும். பூஞ்சை இழை விதைக்குள் நுழைந்து சர்க்கரையைக் கொடுக்கும். அதைத் தின்று இலையும் வேரும் இல்லாத ஓர் உருண்டையாக முதலில் வளர்ந்து, பிறகுதான் செடியாகும். முதல் பூ வரப் பல வருஷம் ஆகும். ஒரு கிளையில் நீங்கள் பார்க்கும் ஒரு கொத்துக்குப் பின்னால் வீணாய்ப்போன விதைகள் எத்தனையோ லட்சம்.

வளர்ந்த பிறகும் பல மண் ஆர்க்கிட்டுகள் அந்தப் பூஞ்சையோடுதான் வாழ்கின்றன. சட்டியில் வைக்கும்போது செடி வருகிறது, பூஞ்சை வருவதில்லை. மலையின் குளிர்ச்சியும் வருவதில்லை. கொஞ்ச காலம் சேமித்து வைத்ததைத் தின்று பச்சையாக இருக்கும், பிறகு அழுகும். வீட்டில் வளர்க்க ஆசையென்றால் பரிசோதனைக்கூடத்தில் குடுவைக்குள் சர்க்கரைக் கூழில் முளைக்க வைத்த நாற்றுகள் நர்சரிகளில் கிடைக்கின்றன. விலையும் அதிகமில்லை. புயலில் முறிந்து தரையில் கிடக்கும் கிளையில் செடி இருந்தால்? தெருவோர மரமென்றால் பக்கத்தில் இன்னொரு கவையில் செருகி வைத்துவிடுங்கள். காட்டில் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இருவராக நடப்பது

தனியாகப் போகாதீர்கள் என்று சொல்வதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு கண் போதாது. மரத்து ஆர்க்கிட் தேடுபவர் தலையை நிமிர்த்தியே நடப்பார், மண் ஆர்க்கிட்டை மிதித்துவிடுவார். எங்கள் ஏற்பாடு எளிது. "நீ மேல பாரு, நான் கீழ பாக்குறேன்" என்பாள் தோழி. கழுத்து வலித்தால் மாற்றிக்கொள்வோம். மேலே பார்ப்பவருக்கு எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, கீழே பார்ப்பவருக்குப் பத்து மடங்குக் கைலென்ஸ். பெரிதாக வேறு எதுவும் வேண்டாம். மெதுவாக நடக்க வேண்டும், அதுதான் கஷ்டம். ஜீப் பாதையில் நேரம் பார்த்து ஏறும் உடற்பயிற்சிக்காரர்கள் நம்மைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புவது நல்லது. மழைக்குப் பிறகு அட்டை இருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டால் போதும். பூங்காப் பக்கம் குரங்குகள் நெகிழிப் பையைக் கண்டால் விடாது, சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வையுங்கள்.

படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுக்காதீர்கள். பூ நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உதடு நெருக்கமாக ஒன்று. அப்புறம் இலை, தண்டின் அடி, வேர், நிற்கும் மரம். பெயர் கண்டுபிடிக்க உதவப்போவது பெரும்பாலும் இந்தப் பின்னவைதான். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அருகிவரும் இனங்களின் இடத்தை அந்தச் செயலி தானாகவே மங்கலாக்கிக் காட்டும். மற்றவற்றுக்கும் அந்த வசதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதென்றால் இடத்தின் பெயரையும் பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகையையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். புறா ஆர்க்கிட்டுக்கு இந்தக் கவலை வேண்டாம். அது பூத்த அன்று காலையிலேயே எந்தத் தெரு, எந்த மரம் என்று எழுதி அனுப்புங்கள். பார்க்க நினைப்பவர் சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டுமே.